அவள் தானாகத்தான் பஸ் ஏறினாள்

எங்கள் ராமநாதபுரம் கரையில் ‘கடத்தல்’ என்று சொன்னால் கண்ணுக்குள் வரும் காட்சியே வேறு. நிலவில்லாத ராத்திரி, மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடையே எங்கோ ஒரு நாட்டுப்படகு, சாக்கு மூட்டைகளில் கடலட்டை, பீடி இலை, மஞ்சள். மறுநாள் பேப்பரில் மூட்டைகளை அடுக்கி வைத்துப் படம் போட்டிருப்பார்கள்.

அதனால்தான் மகளிர் குழுக் கூட்டத்தில் ‘ஆள் கடத்தல்’ என்று பேச்செடுத்தால், “நம்ம பக்கம் அதெல்லாம் இல்லைங்க” என்று பதில் வருகிறது. வாயைக் கட்டி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனால்தான் கடத்தல் என்று நினைத்திருக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அவள் தானாகத்தான் பஸ் ஏறுகிறாள். கையில் சொந்த ஆதார் அட்டை இருக்கிறது. வழியனுப்ப அம்மாவே பஸ் ஸ்டாண்டு வரை வந்திருப்பாள்.

ஆள் கடத்தல் என்றால் என்ன, அதில் மாட்டியவள் எப்படி வெளியே வருகிறாள், வந்தவளுக்கு ஒரு தொண்டு இல்லம் என்ன செய்கிறது என்பதை, இதுவரை கேள்விப்படாதவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 24, பாம்பன் பக்கம். இவள் கற்பனைதான், ஆனால் இந்தக் கதையின் ஒவ்வொரு துண்டும் எங்கோ ஒருத்திக்கு நடந்ததுதான். கணவன் விசைப்படகில் கூலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கிறது. குழுக் கடனுக்கு வாரா வாரம் தவணை கட்ட வேண்டும். அந்த நேரத்தில் மதினி முறை வேண்டிய ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள். “கோயம்புத்தூர்ல ஒரு வயசான அம்மாவைப் பாத்துக்கணும் மதினி. மாசம் 15,000. சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அவங்களே. அட்வான்ஸ் 10,000 இப்பவே தர்றேன்.” அட்வான்ஸைத் தவணைக்கும் ரேஷனுக்கும் கொடுத்துவிட்டு அவள் கிளம்புகிறாள்.

போய் இறங்கிய அன்றைக்கே, “சார்ஜ் போட்டுத் தர்றேன், கொடு” என்று போனை வாங்கிக்கொள்கிறார்கள். “போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு” என்று ஆதார் போகிறது. மூன்றாவது நாள்தான் அந்த வீட்டில் வயசான அம்மா யாரும் இல்லை என்பது தெரிகிறது. ஊருக்குப் போகிறேன் என்று அழுதால் ஒரு நோட்டை எடுத்துக் காட்டுகிறார்கள். அட்வான்ஸ் 10,000, பஸ் செலவு, துணிமணி, சாப்பாடு, வட்டி, எல்லாம் சேர்த்து 40,000. அதை அடைத்துவிட்டுப் போ என்கிறார்கள். அடைப்பதற்கு அவர்கள் காட்டும் வழி ஒன்றே ஒன்று. மறுத்தால் அடி. அதற்கும் மசியாவிட்டால், “உன் போட்டோவை உன் புருஷனுக்கும் ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பிடுவேன்.”

இப்போது சட்டத்தின் கண்ணால் பாருங்கள். மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆளைச் சேர்த்ததும் கொண்டுபோனதும் ஒன்று. அதற்குக் கையாண்ட ஏமாற்று, மிரட்டல், ஆசை காட்டல் இரண்டு. சுரண்டும் நோக்கம் மூன்று. செயல், வழி, நோக்கம் என்று இவற்றைச் சொல்வார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2000-இல் கொண்டுவந்த நெறிமுறை இப்படித்தான் வரையறுக்கிறது. இந்தியா 2011-இல் அதை ஏற்றது. நம் நாட்டுச் சட்டத்தில் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு. தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை. கடத்தப்பட்டது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் 10 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும்.

அந்தப் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. கடத்தல் நடந்ததா என்று முடிவுசெய்வதற்கு, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது ஒரு பொருட்டே இல்லை என்கிறது அது. “அவதானே போனா? யாரு கையைப் பிடிச்சு இழுத்தா?” என்று தெருவில் கேட்கிற கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. அவள் சம்மதித்தது ஒரு வயசான அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க.

இந்த வலையில் விபசாரம் மட்டும்தான் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. செங்கல் சூளை, மில் விடுதி, வளைகுடா நாட்டில் வீட்டு வேலை, பிச்சை என்று எதற்கும் ஆளைக் கொண்டுபோவார்கள். முன்பணத்தைக் காட்டி உழைப்பைக் கட்டிப்போடுவதற்குத் தனியாக 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் இருக்கிறது. இங்கே நான் விபசாரத்தில் தள்ளப்பட்டவளைப் பற்றியே பேசுகிறேன். திரும்பி வந்த பிறகு அவளுக்குத்தான் ஊர் கதவைச் சாத்துகிறது.

வெளியே வரும் வழி

அந்தக் கட்டடத்தில் இருக்கும்போது அவளிடம் அடிக்கடி சொல்லப்படும் வாசகம், “போலீஸ் வந்தா உன்னத்தான் பிடிப்பாங்க, எங்களை இல்ல.” இதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால்தான் அவள் பயப்படுகிறாள். 1956-ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம் விடுதி நடத்துபவரையும், அந்த வருமானத்தில் வாழ்பவரையும், ஆள் பிடித்துக் கொடுப்பவரையும், அடைத்து வைப்பவரையும் குற்றவாளி என்கிறது. விபசாரத்தில் இருப்பதையே அது குற்றமாக்கவில்லை. ஆனால் பொது இடத்தில் ஆள் அழைப்பது குற்றம் என்று ஒரு பிரிவு அதில் இருக்கிறது. அந்தப் பிரிவில் பல இடங்களில் பெண்களே மாட்டியிருக்கிறார்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று காவல்துறைக்குச் சொன்னது.

தப்பிப்பது பெரும்பாலும் ஒரு போனில் தொடங்குகிறது. யாரோ இரக்கப்பட்டு ஒரு நிமிஷம் கொடுத்த போன். 181 மகளிர் உதவி எண், 112 அவசர எண், பிள்ளைகளுக்கு 1098. எந்த ஊரில் குற்றம் நடந்திருந்தாலும் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். எங்கள் எல்லையில் வராது என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. பதிந்து, உரிய நிலையத்துக்கு அவர்கள்தான் அனுப்பிவைக்க வேண்டும்.

சோதனைக்குப் போகும் அதிகாரியோடு குறைந்தது இரண்டு பெண் போலீஸார் போக வேண்டும் என்று அதே 1956 சட்டம் சொல்கிறது. மீட்ட பெண்ணைப் பெண் போலீஸ்தான் விசாரிக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால், அங்கீகரிக்கப்பட்ட ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண் பக்கத்தில் இருந்தால் மட்டுமே விசாரிக்கலாம். தொண்டு நிறுவனத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டமே அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறது.

பிறகு மருத்துவப் பரிசோதனை, நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம். 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் நலக் குழு, போக்சோ சட்டம் என்று பாதை பிரிகிறது. பெரியவள் என்றால் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம். சகி மையம் என்றும் சொல்வார்கள், 2015-இல் தொடங்கிய திட்டம். மருத்துவம், போலீஸ், வக்கீல், கவுன்சிலிங் என்று நாலு இடத்துக்கு அலையாமல் ஒரே கூரைக்கு அடியில் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் சில நாளில் எதுவும் ஆறிவிடாது. நீண்ட நாள் தங்குவதற்குத்தான் இல்லங்கள். ஒன்றிய அரசின் உஜ்வாலா, ஸ்வாதார் என்ற பழைய திட்டங்களைச் சேர்த்து இப்போது சக்தி சதன் என்ற பெயரில் நடத்துகிறார்கள். அவற்றில் பலவற்றின் அன்றாட நிர்வாகம் தொண்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

கணவன் அடியிலிருந்து தப்பி வருகிறவளும் இதே வாசலுக்குத்தான் வருகிறாள். அவளுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் போய்ச் சொன்னாலே வேலை தொடங்கிவிடும்.

தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

இல்லம் என்றதும் நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். “ஹோம்ல கொண்டுபோய் விட்டுட்டாங்க” என்பது அனுதாபப் பேச்சு இல்லை, பாதி வசவு. அதற்குக் காரணமும் உண்டு. எங்கள் கரையில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் கருகிப் போனார்கள். அந்தச் செய்தி இன்னும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. இல்லம் என்று போர்டு மாட்டியவரெல்லாம் இல்லம் நடத்திவிட முடியாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விடுதியோ இல்லமோ நடத்துபவர்கள் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். நன்கொடை கொடுக்கும் முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல இல்லம் அதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

இப்படிப்பட்ட இல்லம் ஒன்றில் பல வருடம் சமையல் பார்த்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். முதன்முதலில் இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தவர் அவர்தான். “தம்பி, அறைக் கதவுல தாழ்ப்பா எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு. உள்பக்கம் இருந்தா அது வீடு. வெளிப்பக்கம் இருந்தா அது ஜெயிலு” என்றார். வந்த புதிதில் பல பெண்கள் ராத்திரியில் எழுந்து எழுந்து அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பார்களாம், எடுத்துப் பார்ப்பார்களாம். தங்கள் கையால் பூட்டித் திறக்கிற கதவைப் பார்த்து அவ்வளவு நாளாகியிருக்கும்.

அவர் சொன்ன இன்னொன்று சாப்பாட்டைப் பற்றியது. புதிதாக வந்தவளிடம், “என்ன குழம்பு வைக்கட்டும்?” என்று கேட்டால் பதிலே வராது. “எது கொடுத்தாலும் சரிக்கா.” குளிக்கப் போகலாமா, படுக்கலாமா, தண்ணி குடிக்கலாமா என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பாள். எப்போது சாப்பிடுவது, யாரோடு இருப்பது, எப்போது தூங்குவது என்று எல்லாவற்றையும் இன்னொருத்தர் முடிவுசெய்த இடத்திலிருந்து வந்திருக்கிறாள். தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற பழக்கமே விட்டுப்போயிருக்கிறது. இல்லத்தின் வேலையில் பாதி அந்தப் பழக்கத்தைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் நன்றாக நடக்கும் இல்லங்களில் முதல் வாரம் அவளிடம் கதை கேட்கமாட்டார்கள். போலீஸில் ஒரு முறை, டாக்டரிடம் ஒரு முறை, நடுவரிடம் ஒரு முறை என்று ஏற்கெனவே சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டிருக்கும். தூக்கம், சாப்பாடு, மாற்றுத் துணி, வயிற்று வலிக்கோ காய்ச்சலுக்கோ மருந்து, அவள் சரி என்றால் ஹெச்.ஐ.வி. சோதனை. அதன் பிறகுதான் காகிதங்கள். பறிபோன ஆதாரை மறுபடி எடுப்பது, வங்கிக் கணக்கு தொடங்குவது, ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. இவையெல்லாம் சின்ன வேலை என்று தோன்றும். ஆனால் காகிதத்தைப் பறித்துத்தான் அவளை அடக்கி வைத்திருந்தார்கள்.

இந்த யோசனை நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கியதே, தேவதாசி முறையை விட்டு வெளியே வந்த சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் கிடைக்காமல் போனதால்தான். முதலில் தன் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். சிறுமிகளைப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக்குவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது. அதற்கு 17 வருடம் முன்பே வீடு திறந்துவிட்டது.

“வீட்டுக்கே அனுப்பிவிடலாமே?”

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பெற்ற தாய் இருக்கிறாள், கட்டிய கணவன் இருக்கிறான், எதற்கு இல்லம்? சில பேருக்கு வீடுதான் சரியான இடம். அம்மா வாசலிலேயே உட்கார்ந்து காத்திருப்பாள். அப்படியானால் சீக்கிரம் அனுப்புவதுதான் நியாயம். ஆனால் நம் கதையில் ஆளைக் கொண்டுபோனது யார் என்று நினைத்துப் பாருங்கள். மதினி முறை வேண்டியவள். அட்வான்ஸ் எந்த வீட்டில் எண்ணப்பட்டது? அந்த மதினி இன்னும் அதே தெருவில் இருக்கலாம், வழக்கை வாபஸ் வாங்கு என்று தினமும் வந்து உட்காரலாம்.

இதை யோசித்தே அந்த 1956 சட்டத்தில் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். மீட்ட பெண்ணைப் பெற்றோரிடமோ கணவனிடமோ ஒப்படைக்கும் முன், அவர்கள் உண்மையாகவே அவளை வைத்துப் பார்த்துக்கொள்வார்களா என்று ஒரு தொண்டு நிறுவனத்தை விட்டு விசாரிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. வீட்டு விசாரணை என்பார்கள். அதைச் செய்யும் பெண், கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஊருக்குள் போய், “உங்க பொண்ணை மீட்டிருக்கோம்” என்று தெருவில் நின்று சொன்னால் அத்தோடு எல்லாம் கெட்டது. தெரிந்தவர்கள் மகளிர் குழுக் கணக்குப் பார்க்கிற மாதிரிப் போவார்கள், தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள், கடன் யார் யாருக்கு எவ்வளவு என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் நடக்கிறது. வயது வந்த ஒரு பெண் போகிறேன் என்ற பிறகும், உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி மாதக்கணக்கில் பிடித்து வைப்பது. நான் முன்னே சொன்ன அதே 2022 உத்தரவில், விருப்பமில்லாமல் காப்பு இல்லங்களில் வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து, குறித்த காலத்துக்குள் விடுவிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று மாநில அரசுகளிடம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அக்கா சொன்ன தாழ்ப்பாள் கணக்குதான் இதுவும்.

பணத்துக்கு வருவோம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு தர வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்க வேண்டும், வக்கீலுக்குக் காசு வேண்டாம், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். குற்றவாளி பிடிபடாவிட்டாலும்கூட மனு போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. வழக்கு முடிய வருடங்கள் ஆகும். அதுவரை அவள் சாப்பிட வேண்டாமா?

வேலைப் பயிற்சி என்றால் உடனே தையல் மெஷின். நன்கொடையாளர்களுக்குப் போட்டோ எடுக்க வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இதில் மாறாத ஒரு வருத்தம் உண்டு. எங்கள் கரைப் பெண்கள் பலர் முகத்தில் கண்ணாடியும் விரல்களில் துணிச் சுற்றும் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கிக் கடல்பாசி எடுத்துப் பிழைப்பவர்கள். பனை ஓலையில் பெட்டி முடைவார்கள், கருவாடு காயவைத்து ஏலத்தில் விலை பேசுவார்கள். அப்படி ஒருத்தியைக் காற்றில்லாத அறையில் உட்காரவைத்து, இதுதான் உனக்கு மறுவாழ்வு என்று ஜாக்கெட் தைக்கச் சொன்னால் எத்தனை நாள் தைப்பாள்? உனக்கு என்ன தெரியும், என்ன பிடிக்கும் என்று கேட்டுவிட்டுப் பயிற்சி தர வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டவள் பத்தாவது எழுத ஆசைப்படலாம். ஆட்டோ ஓட்டக் கேட்கலாம். வேறு ஊரில் கடையில் நிற்கிறேன் என்று சொல்லலாம்.

வெளியே இருக்கும் நாம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் செய்வதில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை. பேப்பருக்குத்தான் அந்தச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். ‘பாவம் இந்தப் பொண்ணு’ என்று வாட்ஸ்அப்பில் படத்தைத் தள்ளிவிடுபவருக்கும் அது பொருந்தும். திரும்பி வந்தவளைத் தண்ணிக் குழாயடியில் பார்த்தால், எங்கே இருந்தாய், என்ன ஆச்சு என்று கிண்ட வேண்டாம். மற்றவர்களிடம் பேசுகிற மாதிரியே பேசினால் போதும்.

வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்ட் வந்தால், ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் பதிவாகி இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டூரிஸ்ட் விசாவில் வீட்டு வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். குடியேற்ற அனுமதி தேவைப்படும் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978-இலிருந்து நடத்துகிறது. உள்ளூர் வேலை என்றாலும் போகிற இடத்தின் முழு முகவரி, வீட்டுக்காரரின் போன் நம்பர், இந்த இரண்டையும் வாங்காமல் யாரையும் பஸ் ஏற்ற வேண்டாம். கொடுக்கத் தயங்குகிற ஆள், மதினியே ஆனாலும், வேலை கொடுக்க வரவில்லை.

அந்தச் சமையல் அக்காவிடம் ஒரு நாள் கேட்டேன், ஒருத்தி தேறிவிட்டாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. கவுன்சிலிங் அறிக்கையில் எழுதுவார்கள், வழக்கில் சாட்சி சொல்லிவிட்டு வருவாள், அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்றார். ஐந்து மாதமாக எது கொடுத்தாலும் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண், ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “என்னக்கா குழம்பு இது, புளியே இல்ல. எங்க ஊர்ல நெத்திலிக் கருவாட்டுக்கு இப்படியா வைப்பாங்க?” என்று சத்தம் போட்டாளாம். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, “அப்ப நாளைக்கு நீயே வச்சிக் காட்டுடி” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாராம்.